தலைவரை நிறுத்தும் துணைத் தலைவர்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஒன்றியங்களில் ஒன்றில், பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட ஓர் ஊராட்சி. ஊரின் பெயரும் தலைவராக இருந்தவரின் பெயரும் இங்கே வேண்டாம். அவர் இன்னும் அதே ஊரில்தான் வாழ்ந்தாக வேண்டும். உறவு முறையில் எனக்கு அத்தை. 2020 ஜனவரியில் பதவியேற்றார். ஓராண்டு கழித்து அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வெற்றிச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். பேச்சுவாக்கில் கேட்டேன்.

"செக் புக்கெல்லாம் எங்க இருக்கு அத்தை?"

"அது அவுக வீட்ல இருக்குப்பா."

"அவுகன்னா?"

"துணைத் தலைவரு வீட்ல. அவுகதானே என்னய நிக்கச் சொன்னது. பணங் கட்டுனதும் அவுக, நோட்டீசு அடிச்சதும் அவுக. கையெழுத்துக்கு ஆள் விடுவாக. போயிப் போட்டுட்டு வந்துருவேன்."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. காலையில் களை எடுக்கப் போய்விட்டு வந்ததைச் சொல்வதுபோல் சொன்னார். "அவுகதானே என்னய நிக்கச் சொன்னது" என்ற அந்த ஒரு வரியில், இடஒதுக்கீட்டு ஊராட்சிகளின் முப்பதாண்டு வரலாறு அடங்கிவிடுகிறது.

அமெரிக்காவில் அதிபர் தேர்தல் வரும்போதெல்லாம் நம் தொலைக்காட்சிகளிலும் ஒரு விவாதம் நடக்கும். அதிபர் வேட்பாளர் யாரைத் துணை அதிபர் வேட்பாளராகத் தேர்ந்தெடுப்பார், அவரால் எத்தனை வாக்கு கூடும் என்று. 2020-இல் ஜோ பைடன் கமலா ஹாரிஸைத் தேர்ந்தெடுத்தபோது, அவருடைய தாத்தாவின் ஊரான திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் வாழ்த்துப் பதாகைகள் முளைத்தன. துணை வேட்பாளர் தன் சொந்த மாநிலத்தையாவது வென்று தருவார் என்பது அங்கே நெடுநாளைய நம்பிக்கை. ஆனால் 2004-இல் ஜான் எட்வர்ட்ஸால் வட கரோலினாவைத் தர முடியவில்லை. 2012-இல் பால் ரயனால் விஸ்கான்சினைத் தர முடியவில்லை. கிறிஸ்டோபர் டிவைன், கைல் காப்கோ என்ற இரண்டு அரசியல் ஆய்வாளர்கள் இதையே பல ஆண்டுகள் ஆராய்ந்து 2020-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். துணை வேட்பாளரால் நேரடியாகச் சேரும் வாக்கு சொற்பம், அவரைத் தேர்ந்தெடுத்த விதத்தை வைத்து மக்கள் அதிபர் வேட்பாளரை எடைபோடுகிறார்கள் என்பதே அவர்கள் கண்ட முடிவு.

அங்கே தலைவர் துணையைத் தேர்ந்தெடுக்கிறார். அந்தத் தேர்வு தலைவரின் தரத்தைக் காட்டுகிறது. நம் ஊராட்சிகளில் இது தலைகீழாக நடக்கிறது. துணைத் தலைவராகப் போகிறவர் முதலில் தன்னை முடிவு செய்துகொள்கிறார். பிறகு தனக்கு ஏற்ற தலைவரைத் தேடுகிறார். அந்தத் தலைவர் சேரியிலிருந்து வர வேண்டும் என்று சட்டம் சொல்வதால், சேரிக்கு வருகிறார்.

கணக்கு எங்கே இடிக்கிறது

இது எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளச் சட்டத்தின் மூன்று அம்சங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, தலைவரை ஊர் முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறது. ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் போட்டியிடும் அனைவரும் பட்டியலினத்தவர்தான். வாக்காளர்களில் பெரும்பான்மையோர் பல ஊர்களில் ஆதிக்கச் சாதியினர். ஆகவே எந்தத் தலித் தலைவராக வேண்டும் என்பதைச் சேரி முடிவு செய்வதில்லை, ஊர் முடிவு செய்கிறது. நான்கு பேர் நின்றால், ஊர்ப் பெரியவர்கள் கைகாட்டும் ஒருவருக்கு மொத்த வாக்கும் போய்ச் சேரும். சேரி வாக்கு மூன்றாகச் சிதறும்.

இரண்டாவது, துணைத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. வார்டு உறுப்பினர்கள் கூடித் தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கிராம ஊராட்சிகளில் வார்டுகளின் எண்ணிக்கை ஊருக்கு ஊர் மாறும். ஒன்பது வார்டு உள்ள ஊராட்சியில் இரண்டோ மூன்றோ சேரிப் பக்கம் இருக்கும், மிச்சம் ஊர்ப் பக்கம். அரசியல் சட்டத்தின் 243-டி பிரிவு உறுப்பினர் இடங்களுக்கும் தலைவர் பதவிகளுக்கும் இடஒதுக்கீட்டைக் கட்டாயமாக்குகிறது. துணைத் தலைவர் பதவியைப் பற்றி அது பேசவில்லை. பேசாமல் விட்ட அந்த இடத்தில்தான் சாதி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

மூன்றாவது, காசோலை. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தெருவிளக்கு மாற்றுவதிலிருந்து தண்ணீர்த் தொட்டி இயக்குபவருக்குச் சம்பளம் தருவதுவரை இரண்டாவது கையெழுத்து இல்லாமல் நகராது. ஒருவர் தவறு செய்தால் இன்னொருவர் தடுக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் வந்த விதி இது. நிலமும் தண்ணீரும் வேலையும் யார் கையில் இருக்கின்றனவோ, அவர் கையிலேயே இரண்டாவது பேனாவும் சேர்ந்துவிட்டால், அதே விதி முதல் கையெழுத்தைப் பணயக் கைதியாக்கிவிடுகிறது.

இந்த மூன்றையும் கூட்டிப் பாருங்கள். துணைத் தலைவர் பதவியைக் குறிவைத்த ஆளுக்கு வார்டு உறுப்பினர் பெரும்பான்மை உண்டு. தலைவரை வெல்லவைக்கும் வாக்கும் அவர் பக்கம் உண்டு. பணத்தின் மீது பிடியும் உண்டு. அவருக்குக் குறைவது ஒரு சாதிச் சான்றிதழ் மட்டுமே. அதற்காக அவர் தன் வயலில் வேலை செய்பவரையோ, தன்னிடம் கடன் வாங்கியவரையோ, "ஏன், எதற்கு" என்று கேட்காத ஒரு பெண்ணையோ நிறுத்துகிறார்.

துணை யார் என்பது தலைவர் வேட்பாளரின் வெற்றி வாய்ப்பைப் பாதிக்குமா என்று அமெரிக்காவில் ஆய்வு செய்கிறார்கள். செட்டிநாட்டில் அதற்கு ஆய்வு தேவையில்லை. ஊர்த் துணையோடு நின்றவர் வென்றார், தனியாக நின்றவர் தோற்றார் என்பதை டீக்கடையில் கேட்டாலே சொல்வார்கள்.

மறுத்தவர்களுக்கு என்ன நடந்தது

இதை அம்பேத்கர் முன்கூட்டியே சொன்னார். 1932 செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் தனித் தொகுதிகள் எழுபத்தொன்றிலிருந்து நூற்று நாற்பத்தெட்டாகக் கூடின. ஆனால் தனி வாக்காளர் தொகுதி பறிபோனது. பொது வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்படும் தலித் பிரதிநிதி, தலித்துகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவராக இருக்க மாட்டார், தன்னைத் தேர்ந்தெடுத்த பெரும்பான்மைக்குக் கடன்பட்டவராகவே இருப்பார் என்பது அவருடைய கவலை. ஐம்பதாண்டு கழித்து 1982-இல் கன்ஷிராம் ஒரு நூல் முழுக்க இதைத்தான் எழுதினார். அவர்கள் சட்டமன்றத்தையும் நாடாளுமன்றத்தையும் வைத்துச் சொன்னது, ஊராட்சியில் இன்னும் கூர்மையாகப் பொருந்துகிறது. சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதி பெரியது, ஒளிய இடம் உண்டு. ஊராட்சித் தலைவருக்கு ஒரே தெரு, ஒரே குளம், ஒரே ரேஷன் கடை.

கைப்பாவையாக இருக்க மறுத்தவர்களின் கதை நமக்குத் தெரியும். 2006 நவம்பரில் திருநெல்வேலி மாவட்டம் நக்கலமுத்தன்பட்டி ஊராட்சித் தலைவர் ஜக்கையன் கொல்லப்பட்டார். ஆதிக்கச் சாதியினர் சொன்னபடி ஆட மறுத்ததே காரணம் என்று அன்றைய செய்திகள் பதிவு செய்தன. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சியின் புகைப்படம் ஒன்று வெளியானது. மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலைவர் ராஜேஸ்வரி தரையில் உட்கார்ந்திருந்தார். துணைத் தலைவர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது. ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். 2022-இல் தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 386 ஊராட்சிகளில் ஆய்வு நடத்தி, தலித் தலைவர்களுக்கு நாற்காலி மறுப்பு, பெயர்ப் பலகை மறுப்பு, கொடியேற்ற மறுப்பு என்று பட்டியலிட்டது. சுதந்திர தினத்தில் தலித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டிய நிலை வந்தது.

அடுத்த கேள்வி: துணைத் தலைவரும் தலித்தாகவே இருந்தால்? அதற்கும் நம் பக்கத்திலேயே விடை இருக்கிறது. காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் வழியாக மதுரைக்குப் பேருந்தில் போனால் மேலூர் வரும். மேலூருக்குப் பக்கத்தில்தான் மேலவளவு. 1996-இல் அந்த ஊராட்சி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டது. வீடுகளுக்குத் தீ வைத்தார்கள், மனுக்களைத் திரும்பப் பெறவைத்தார்கள், வாக்குப் பெட்டிகளைப் பறித்தார்கள். கடைசியில் அந்த ஆண்டு டிசம்பர் இறுதியில் போலீஸ் காவலோடு நடந்த தேர்தலில் முருகேசன் வென்றார். துணைத் தலைவரானவர் மூக்கன். 1997 ஜூன் 30 அன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பும்போது முருகேசன், மூக்கன் உள்ளிட்ட ஆறு தலித்துகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

மேலவளவைப் பற்றிப் பேசும்போது நாம் முருகேசனின் பெயரைச் சொல்கிறோம். மூக்கனின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தலைவரும் துணைத் தலைவரும் ஒரே பக்கம் நின்றால் அந்த ஊராட்சியை வெளியிலிருந்து ஆள முடியாது. கொலைகாரர்களுக்கு அது தெரிந்திருந்தது. சட்டம் எழுதியவர்களுக்குத்தான் தெரியவில்லை.

இந்த மண்ணில் இது புதிதும் அல்ல. இன்றைய சிவகங்கை மாவட்டம் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தபோது, 1930 டிசம்பரில் அந்த மாவட்டத்து ஆதிக்கச் சாதி நாட்டார்கள் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே உடுத்தக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது என்றெல்லாம் அந்தப் பட்டியல் போனது. அடுத்த ஆண்டு ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பதும் அவற்றில் ஒன்று. குடையும் செருப்பும் கூடாது என்ற அதே வாய்தான் இன்று நாற்காலி கூடாது என்கிறது. தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்டதேவியில், தேர் வடத்தைத் தலித்துகள் தொடலாமா என்ற கேள்விக்காக எத்தனை ஆண்டுகள் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது! பல ஆண்டுகள் நிலையிலேயே நின்ற அந்தத் தேர் 2024 ஜூனில்தான் ஓடியது. சுற்றுலா வருகிறவர்கள் ஆயிரம் ஜன்னல் வீட்டின் முன் படம் எடுத்துப் போகிறார்கள். அந்த ஜன்னல் எதிலிருந்தும் சேரி தெரிவதில்லை.

லிங்கன் கொடுத்த விலை

தோழர்கள் சிலர் கேட்கிறார்கள்: "ஆதிக்கச் சாதியின் ஆதரவு இல்லாமல் ஜெயிக்கவே முடியாது என்கிறபோது, துணைத் தலைவர் பதவியை விட்டுக்கொடுத்து ஒத்துப் போவதில் என்ன தவறு? அது கூட்டணிதானே?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. கூட்டணி இல்லாமல் அரசியல் இல்லை. ஊர்க்காரர் ஒருவர் துணைத் தலைவராக இருந்து தலித் தலைவரோடு உண்மையாகவே ஒத்துழைத்த ஊராட்சிகளும் உண்டு. ஆனால் அந்த விலையை யார் கட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

1864-இல் ஆபிரகாம் லிங்கன் இரண்டாம் முறை போட்டியிட்டபோது, எதிர்த்தரப்பு வாக்குகளையும் சேர்ப்பதற்காகத் தெற்கைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஜான்சன் துணை அதிபர் வேட்பாளராக்கப்பட்டார். ஒரு காலத்தில் அடிமைகளை வைத்திருந்தவர் அவர். தேர்தலில் வெற்றி கிடைத்தது. 1865 ஏப்ரலில் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜான்சன் அதிபரானார். விடுதலையான கறுப்பின மக்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தைப் பழைய பண்ணையார்களுக்கே திருப்பிக் கொடுத்தார். 1866-இன் குடியுரிமைச் சட்டத்தைத் தன் அதிகாரத்தால் நிராகரித்தார். நாடாளுமன்றம் அந்த நிராகரிப்பை மீறித்தான் அதை நிறைவேற்ற வேண்டியிருந்தது. வாக்குக்காகச் சேர்த்த துணை, வென்ற பிறகு யாருக்குத் துணையாக நின்றது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம். பஞ்சமி நிலத்தின் கதை தெரிந்த நமக்கு இது அந்நியமான கதையும் இல்லை.

மறுபக்கமும் உண்டு. 1960-இல் கென்னடி, தெற்கின் வாக்குகளுக்காக டெக்சாஸின் லிண்டன் ஜான்சனைச் சேர்த்தார். கென்னடி கொல்லப்பட்ட பின் அதிபரான அந்த ஜான்சன்தான் 1964-இன் குடியுரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆகவே துணை எந்தச் சாதி, எந்தப் பகுதி என்பது மட்டும் எல்லாவற்றையும் தீர்மானித்துவிடாது. அவருக்குப் பின்னால் தெருவில் எந்த இயக்கம் நிற்கிறது என்பதும் தீர்மானிக்கிறது. லிண்டன் ஜான்சனுக்கு முன்னால் ஒரு பெரும் மக்கள் இயக்கம் நின்றது. அத்தையின் வீட்டு வாசலில் யார் நின்றார்கள்? நாம் யாரும் நிற்கவில்லை.

அமெரிக்காவிடமிருந்து இன்னொன்றும் கற்கலாம். தொடக்கத்தில் அங்கே அதிக வாக்கு பெற்றவர் அதிபர், அடுத்தவர் துணை அதிபர். 1796-இல் ஜான் ஆடம்ஸ் அதிபராகவும், எதிரணியின் ஜெபர்சன் துணை அதிபராகவும் வந்து சேர்ந்தார்கள். அடுத்த தேர்தலில் சிக்கல் இன்னும் முற்றியது. 1804-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி அந்த முறையை மாற்றிவிட்டார்கள். எசமான்களுக்குள் வந்த சிக்கல் அது, எட்டாண்டில் தீர்ந்தது. இங்கே சிக்கிக்கொண்டிருப்பவர்கள் தலித் தலைவர்கள். 1996-லிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆளும் வர்க்கத்துக்கு வலித்தால் நம் நாட்டிலும் சட்டம் விரைவாகத்தான் மாறும். 1952, 1957 தேர்தல்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. ஒரு பொது இடம், ஒரு தனி இடம். 1957-இல் ஆந்திராவின் பார்வதிபுரத்தில் அந்த இரண்டு இடங்களையும் பழங்குடியினர் இருவர் வென்றார்கள். தோற்றவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி.கிரி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1959-இல் பழங்குடி வேட்பாளரின் வெற்றி செல்லும் என்று தீர்ப்பு வந்தது. 1961-இல் இரட்டை உறுப்பினர் தொகுதி முறையே ஒழிக்கப்பட்டது.

என்ன செய்யலாம்

முதலில் சட்டம். தலைவர் பதவி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில், துணைத் தலைவர் பதவியும் பட்டியலின வார்டு உறுப்பினருக்கே ஒதுக்கப்பட வேண்டும். இது நடக்க முடியாத கோரிக்கை இல்லை. பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் கிராமப் பஞ்சாயத்துத் துணைத் தலைவர் பதவிக்கும் இடஒதுக்கீடு இருக்கிறது. தமிழ்நாடு தன் ஊராட்சிகள் சட்டத்தைத் திருத்துவதற்குத் தேவை மனம்தான்.

அதுவரை, இரண்டாவது கையெழுத்தைக் கடிவாளமாகப் பயன்படுத்துவதையாவது நிறுத்த வேண்டும். தீர்மானம் நிறைவேறிய செலவுக்குத் துணைத் தலைவர் கையெழுத்திட மறுத்தால், ஏழு நாளுக்குள் எழுத்தில் காரணம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அந்த அதிகாரம் பட்டியலின உறுப்பினர் ஒருவருக்குப் போக வேண்டும். "இரட்டைக் கையெழுத்தை எடுத்தால் ஊழல் பெருகும்" என்பார்கள். எடுக்கச் சொல்லவில்லை. காரணம் எழுதச் சொல்கிறோம். ஊழலைப் பிடிக்கத் தணிக்கை இருக்கிறது, கிராம சபை இருக்கிறது. தலித் தலைவர் வந்ததும் மட்டும் ஊழலைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள், அதற்கு முந்தைய கணக்குகளையும் சேர்த்தே கேட்கட்டும்.

அரசு முனைந்தால் எது முடியும் என்பதற்குப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் சாட்சி. 1996-லிருந்து பத்தாண்டுகள் அங்கே தேர்தல் நடக்கவிடவில்லை, வென்றவரும் உடனே பதவி விலகினார். 2006 அக்டோபரில் நிர்வாகம் உறுதியாக நின்றது, தேர்தல் நடந்தது, தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். ஆனால் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததோடு அரசின் அக்கறை முடிந்துவிடக் கூடாது. துணைத் தலைவர் தேர்வு நடக்கும் நாளில் எந்த அமைச்சரும் வருவதில்லை, எந்தக் கேமராவும் வருவதில்லை. ஊராட்சி கைமாறுவது அந்த நாளில்தான்.

அடுத்தது நம் வேலை. சிவகங்கை மாவட்டத்தில் 2019-இல் 445 கிராம ஊராட்சிகள் இருந்தன. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் நாளோடு முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. ஒவ்வொரு ஊராட்சித் தேர்தலுக்கும் முன்பு நாம் தலைவர் வேட்பாளரைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். சுவரொட்டி அவருக்கு, பறை அவருக்கு, முகநூல் பதிவு அவருக்கு. வார்டு உறுப்பினர் பதவி நமக்குச் சின்னதாகத் தெரிகிறது. துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது அந்தச் சின்னப் பதவிதான். சேரி வார்டுகள் இரண்டும் மூன்றும் போட்டியின்றி யாருக்கோ போவதும், ஊர்ப் பக்க வார்டுகளில் நம்மோடு ஒத்த கருத்துள்ள பிற்படுத்தப்பட்ட சமூக இளைஞர்களை நாம் நிற்கச் சொல்லாமல் இருப்பதும் நாமே செய்துகொள்ளும் தோல்வி. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு மேலவளவு நாளன்று வீரவணக்கம் பதிவிடும் தோழர்கள், உங்கள் ஊரின் ஐந்தாவது வார்டில் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை கேளுங்கள். ஜனவரி 26-க்கும் மே 1-க்கும் ஊருக்கு வந்தால் கிராம சபையில் உட்காருங்கள். தீர்மானப் புத்தகத்தை வாசிக்கச் சொல்லுங்கள். தலைவர் எந்த நாற்காலியில் இருக்கிறார் என்று பாருங்கள்.

அத்தையை அண்மையில் மறுபடி பார்த்தேன். பதவிக்காலம் முடிந்துவிட்டது. நூறு நாள் வேலைக்குப் போய் வந்திருந்தார். சான்றிதழ் அதே சுவரில் இருந்தது.

"மறுபடி நிப்பீங்களா?" என்றேன்.

சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்: "நிக்கிறேன்னு வச்சுக்க. எங்கூட யாருப்பா நிப்பா?"

துணை வேட்பாளரைப் பற்றிய கேள்வியை அத்தை சரியாகக் கேட்டுவிட்டார். பதில் சொல்ல வேண்டியது நாம்.